குளவிக்கொட்டு, பலயா மீன், பிரிட்டோன் மாத்திரை: ஊவா மலையில் நின்று பார்க்கும் ஹிஸ்டமின் வரலாறு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் ஏ-4 வீதி பெரகலச் சந்தியில் பிரிகிறது. இடப்பக்கக் கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல என்று பதுளைப் பக்கம் ஏறுகிறது. மற்றது கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. சந்தியைச் சுற்றித் தேயிலை மலைகள். அங்கே கொழுந்து பறிப்பவர்கள் அட்டைக்கும் மழைக்கும் பனிக்கும் பழகிவிடுகிறார்கள். குளவிக்கு மட்டும் யாரும் பழகுவதில்லை. கூடு கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். தோட்டத்தில் குளவி என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையான குளவி, மீதி பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் அடைகட்டும் மலைத்தேனீ. கொட்டுப்பட்டவருக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல.

ஒரே நிரையில் நின்று பறித்த மூவரைக் கொட்டினாலும் மூவருக்கும் ஒரே விளைவு வருவதில்லை. ஒருத்திக்குக் கொட்டிய இடம் தடித்து அரித்து மாலைக்குள் வற்றிவிடும். இன்னொருத்திக்கு உடம்பெங்கும் தடிப்பு எழும், நெஞ்சு இறுகும், மூச்சு இழுக்கும். மூன்றாமவள் தலைசுற்றி விழுவாள், நாடி கைக்கு அகப்படாது. இந்த மூன்று நிலைகளிலும் பங்கேற்கும் பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹிஸ்டமின். இதே பொருள்தான் நலமாக இருப்பவரின் இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டுகிறது, மூளையில் விழிப்பைக் காக்கிறது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அரிப்புக்கு பிரிட்டோன் தருவார்கள், ‘கேஸ்ட்ரிக்’ என்றால் வேறொரு மாத்திரை தருவார்கள். இரண்டும் ஹிஸ்டமினுக்கு எதிரானவைதாம். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. ஏன் செய்யாது என்பதைக் கண்டறிய ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்தத் தேடலில் இலங்கை வைத்தியர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் கண்டதில் ஒரு பகுதி கடற்கரை மீனைப் பற்றியது, ஒரு பகுதி தேயிலைத் தூசைப் பற்றியது, ஒரு பகுதி பாம்புக்கடியைப் பற்றியது. மூன்றையும் ஒரே வரியில் வைத்து வாசித்தால், குளவிக்கொட்டுக்கு பிரிட்டோனை மட்டும் நம்பியிருக்கும் பழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பது புலப்படும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

ஹிஸ்டமினை மனிதர் முதலில் உடலில் கண்டெடுக்கவில்லை, குடுவையில்தான் செய்தார்கள். 1907 இல் ஜெர்மனியில் அடொல்ஃப் விண்டவுசும் கார்ல் ஃபோக்டும் அதைத் தொகுத்துச் செய்தபோது அது வேதியியலாளரின் ஆர்வப்பொருள், அவ்வளவே. மூன்றாண்டுகள் கழித்து லண்டனில் ஜோர்ஜ் பார்கரும் ஹென்றி டேலும், கம்பு தானியத்தில் படரும் எர்கட் பூஞ்சணத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே 1910 இல் டேலும் லெய்ட்லோவும் அதை விலங்குகளில் செலுத்திப் பார்த்தார்கள். மூச்சுக்குழல் சுருங்கியது, இரத்த அழுத்தம் சரிந்தது. ஒவ்வாமையால் வரும் கடும் அதிர்ச்சியை இது அச்சொட்டாக ஒத்திருக்கிறதே என்று டேல் அப்போதே குறித்தார். ஆனால் உடலுக்குள் இந்தப் பொருள் இயல்பாகவே இருக்கிறதா என்பதற்குச் சான்று இல்லை. அழுகலில் விளைந்த கலப்படம் என்றுகூட வாதிடலாம்.

அந்தச் சந்தேகம் வெறும் பிடிவாதமல்ல. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன என்பதை ஆய்வாளர் அக்கெர்மன் அதே 1910 இல் காட்டியிருந்தார். பிற்காலத்தில் இலங்கையின் மீன் விவகாரத்துக்குத் திறப்பாக அமைந்தது இந்தச் சிறு கண்டுபிடிப்பே.

1927 இல் டேலின் குழு, அழுகலுக்கு இடமே தராத புதிய நுரையீரலிலிருந்தும் ஈரலிலிருந்தும் ஹிஸ்டமினைப் பிரித்து வழக்கை முடித்தது. அதே ஆண்டு தோமஸ் லூயிஸ், தோலைக் கீறினால் எழும் மூன்று விளைவுகளை விரிவாக விளக்கி நூல் வெளியிட்டார்: கீறிய இடத்தில் சிவப்பு, சுற்றிலும் படரும் செம்மை, நடுவில் எழும் தடிப்பு. ஹிஸ்டமின் போன்ற ஏதோ ஒன்று தோலிலிருந்து கசிகிறது என்றார். அது எந்த அணுவிலிருந்து கசிகிறது என்பது 1950களின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. டண்டி நகரில் ரைலியும் வெஸ்டும் அது மாஸ்ட் அணுக்களின் சேமிப்பு என்று காட்டினார்கள்.

இதற்கிடையில் போலந்தின் லியோன் பொபியெல்ஸ்கி 1920 இல் வெளியிட்ட ஓர் உண்மை யாருடைய விளக்கத்துக்குள்ளும் அடங்காமல் கிடந்தது. நாய்க்கு ஹிஸ்டமின் செலுத்தினால் இரைப்பையில் அமிலம் பெருகுகிறது. ஒவ்வாமைக்கும் இதற்கும் என்ன உறவு?

மருந்து தேடியவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் போவேயும் ஆன்மரி ஸ்டோபும் 1937 இல் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் சேர்மத்தைக் கண்டார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை கொண்டது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. 1944 இல் மெபிரமின் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டைஃபென்ஹைட்ரமினும் ப்ரோமெதசினும் குளோர்ஃபெனிரமினும் வரிசையாக வந்தன. கடைசிப் பெயரே நம் கடைகளின் பிரிட்டோன். போவேக்கு 1957 இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்துகள் தூக்கத்தையும் கொண்டுவந்தன.

இந்த மருந்துகள் எல்லாம் அரிப்பையும் தடிப்பையும் அடக்கின. இரைப்பை அமிலத்தை ஒன்றுகூட அசைக்கவில்லை. 1948 இல் சுவீடனின் ஃபோல்கோவ், ஹேகர், கால்சன் ஆகியோர் பூனையின் இரத்தக் குழாய்களில் ஆய்ந்து, ஹிஸ்டமினால் வரும் விரிவில் ஒரு பகுதியை மட்டுமே இந்த மருந்துகள் தடுக்கின்றன என்று கண்டார்கள். ஆகவே ஹிஸ்டமினைப் பெற்றுக்கொள்ளும் இடங்கள், அதாவது ஏற்பிகள், இரண்டு வகையாக இருக்கக்கூடும் என்றார்கள். அறிவியல் உலகம் அதைக் கேட்டுவிட்டு நகர்ந்தது. மருந்து நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது அது ஏன் பாதி வேலைதான் செய்கிறது என்று யாரும் அவசரப்பட்டுக் கேட்பதில்லை.

அளவோடு கேட்டவர்கள் லண்டனில் ஆஷும் ஹைன்ஸ் ஷில்டும். மெபிரமின் எந்தெந்தத் திசுவில் எந்த அளவுக்கு ஹிஸ்டமினைத் தடுக்கிறது என்பதை எண்களால் ஒப்பிட்டார்கள். குடல் தசை போன்றவற்றில் கணக்கு ஒன்றாக வந்தது. இரைப்பைச் சுரப்பிலும் எலியின் கருப்பைத் தசையிலும் கணக்கு ஒத்துப்போகவில்லை. மெபிரமினுக்குப் பணியும் ஏற்பிக்கு 1966 இல் எச்-1 என்று பெயரிட்டார்கள். மற்றதற்குப் பெயர் வைக்க மறுத்தார்கள். அதைத் தடுக்கும் மருந்து ஒன்று கையில் இல்லாதவரை பெயர் வைப்பதில் பொருளில்லை என்பது அவர்கள் நிலை. இந்த நிதானத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த மருந்தைத் தேடி 1964 இலேயே இறங்கியிருந்தவர் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். ஆசியா அவருக்குப் புதிதல்ல, 1940களின் இறுதியில் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். இங்கிலாந்தின் ஸ்மித் க்லைன் அண்ட் ஃப்ரெஞ்ச் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு ஹிஸ்டமின் மூலக்கூற்றையே சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்த்தது. 1972 இல் புரிமமைட் வந்தது, எச்-2 ஏற்பி பெயர் பெற்றது. புரிமமைட் வாய்வழியே போதிய அளவு பலன் தரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைட் சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்தது. 1976 இல் பிரித்தானியச் சந்தைக்கு வந்த சிமெட்டிடின்தான் நிலைத்தது. அதுவரை கத்தியை நம்பியிருந்த குடற்புண் நோயாளிகள் மாத்திரைக்கு மாறினார்கள். பிளாக்குக்கு 1988 இல் நோபல். சிமெட்டிடினின் வாரிசான ரனிட்டிடின் நம் ஊர்களில் வீட்டுப் பெயராகவே ஆனது. 2019 இல் அதில் புற்றுநோய் ஐயத்துக்குரிய ஒரு மாசு கண்டறியப்பட்டதும் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஃபமோட்டிடின் இருக்கிறது.

இரண்டு ஏற்பிகளும் அணுவுக்குள் தரும் ஆணை வேறு. எச்-1 அணுவினுள் கல்சியத்தை உயர்த்துகிறது. அதனால் மூச்சுக்குழல் தசை இறுகுகிறது, நுண்குழாய்களின் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, நரம்பு முனை அரிக்கிறது. எச்-2 அணுவினுள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுவனைப் பெருக்குகிறது. அதனால் இரைப்பை அமிலம் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தக் குழாய் தளர்கிறது. கவனிக்க வேண்டியது கடைசி விளைவு. இரத்தக் குழாய் விரிவது இரண்டு ஏற்பிகளின் கூட்டு வேலை. ஒன்றை அடைத்தாலும் மற்றது திறந்தே இருக்கும்.

இந்தக் கூட்டு வேலையை மனித உடலில் வெளிச்சமாகக் காட்டிய இயற்கைச் சோதனைகளில் ஒன்று இலங்கையில் நடந்தது.

1970களில் வெலிசறை மார்பு வைத்தியசாலையில் காசநோயாளிகள் சிலருக்கு விசித்திரமான தாக்கம் வந்தது. உணவு முடிந்த சிறிது நேரத்தில் முகம் சிவந்தது, தலை இடித்தது, நெஞ்சு படபடத்தது, சிலர் வாந்தி எடுத்தார்கள். ஒவ்வாமை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மார்புநோய் வைத்தியர் சி.ஜி. ஊரகொட அப்படிச் செய்யவில்லை. தட்டில் என்ன இருந்தது என்று கேட்டார். பலயா மீன் இருந்தது. வடக்கு கிழக்கில் சூரை என்பது இந்த இனத்தையே. மருந்தியல் பேராசிரியர் எஸ்.ஆர். கொத்தேகொடவுடன் சேர்ந்து 1977 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹிஸ்டமின் மிகுந்த மீனும் ஐசோனியசிட் என்ற காசநோய் மாத்திரையும் ஒன்றுசேர்வதால் வரும் விளைவு இது என்று சொன்னது. 1980 இல் அமெரிக்கச் சுவாசநோய் ஏடு ஒன்றில் மேலும் ஒரு கட்டுரை எழுதினார். மறுவருடம் பேராதனையிலிருந்து என். சேனாநாயக்கவும் எஸ். வைரவநாதனும் மற்றொரு சூரை இனத்தைக் குறித்து இதே செய்தியை எழுதினார்கள்.

விளக்கம் எளிது. சூரை இனங்களின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்த மீனை உடனே ஐசில் போடாவிட்டால் அக்கெர்மன் சொன்ன பக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அழியாது. மணத்திலும் தெரியாமல் போகலாம். சாதாரணமாக நம் குடலில் உள்ள டையமின் ஒக்சிடேஸ் என்ற நொதி அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆக, மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்து போகும் அதே கறி, காசநோய் மருந்து எடுப்பவருக்கு மட்டும் ஹிஸ்டமின் ஊசியாக மாறுகிறது. அப்போது தோன்றும் அறிகுறிகளை ஏற்பிகளின் பட்டியலாகவே வாசிக்கலாம். வயிற்று முறுக்கு எச்-1, படபடப்பு பெரும்பாலும் எச்-2, முகச் சிவப்பும் அழுத்தச் சரிவும் இரண்டும் கூடி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மைக்கேல் காலினரின் குழு, தன்னார்வலர்களுக்கு ஹிஸ்டமினை நாளத்தில் ஏற்றிப் பார்த்துச் சொன்னதும் இதையே ஒட்டியது. சில விளைவுகளை அடக்க இரண்டு வகைத் தடுப்பு மருந்தும் வேண்டியிருந்தது.

பெரகல வாசகருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. தென்கரையிலிருந்து ஹம்பாந்தோட்டை, வெல்லவாய வழியே மலைக்கு ஏறும் மீன் நீண்ட வெப்பப் பாதையைக் கடந்துதான் சந்திக்கு வருகிறது. ஐஸ் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்னதே விடை. நெருக்கமான லயத்து வாழ்க்கைக்குக் காசநோய் பழைய பகை. மருந்து எடுக்கும் மாதங்களில் பலயா, கெலவல்லா போன்ற சூரை இன மீன்களை விலக்கச் சொல்வது இந்நாட்டு வைத்தியர்களின் வழக்கம். அந்த அறிவுரையின் பின்னால் இருப்பது பத்தியமல்ல, ஆய்வு.

ஊரகொட தேயிலைத் தொழிற்சாலைக்கும் போனார். 1970 இல் பிரித்தானியத் தொழில் மருத்துவ ஏட்டில் அவர் எழுதியது ஒரு டீமேக்கருக்கு வந்த ஆஸ்துமாவைப் பற்றி. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பறக்கும் பஞ்சு போன்ற தூசு அதற்குக் காரணமாகலாம் என்று காட்டினார். 1980 இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் குறித்து விரிவாக எழுதினார். தோட்டத்தில் ‘ஸ்டோர்’ என்று சொல்லப்படும் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த இருமல் புதிதல்ல, ஏட்டில் ஏறியதுதான் புதிது. இங்கேயும் பிரிட்டோனின் எல்லை தெரிகிறது. ஆஸ்துமாவில் ஹிஸ்டமின் தொடக்க ஆட்டக்காரன் மட்டுமே. ஃபெல்ட்பெர்க்கும் கெல்லவேயும் 1938 இல் கண்ட மெதுவாகச் செயல்படும் பொருள், 1979 இல் சாமுவெல்சனின் குழுவால் லூக்கோட்ரையீன் என்று அடையாளம் காணப்பட்டது. அது மூச்சுக்குழலை நீண்ட நேரம் இறுக்குகிறது. எச்-1 மருந்துக்கு அதன் மீது எந்தப் பிடியும் இல்லை.

ஹிஸ்டமினுக்கு மேலும் இரண்டு ஏற்பிகள் உண்டு. அவை தோட்டத்து மருந்துப் பெட்டிக்கு இன்னும் நேரடியாக வந்து சேரவில்லை. 1983 இல் பாரிஸில் அராங், கார்பார்க், ஷ்வார்ட்ஸ் மூவரும் மூளை நரம்பு முனைகளில் எச்-3 ஏற்பியைக் கண்டார்கள். ஹிஸ்டமினை வெளியிடும் நரம்பு, தன் வெளியீட்டைத் தானே மட்டுப்படுத்த அதைப் பயன்படுத்துகிறது. தலைச்சுற்றலுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த பெட்டாஹிஸ்டின் இந்த ஏற்பியிலும் வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மருந்து முன்னே, காரணம் பின்னே. எச்-4 இன் மரபணு 2000 ஆம் ஆண்டை ஒட்டி அகப்பட்டது. இரத்த வெள்ளணுக்களிலும் மாஸ்ட் அணுக்களிலும் இருந்து அழற்சிக்கு ஆள் சேர்க்கும் ஏற்பி அது. அதைக் குறிவைத்த மருந்து எதுவும் இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

பிரிட்டோன் தூக்கம் தருவதற்கும் இப்போது விடை உண்டு. மூளையில் விழிப்பைத் தாங்கும் எச்-1 ஏற்பியை அது அடைத்துவிடுகிறது. செட்டிரிசின், லோரட்டடின் போன்ற பிந்திய மருந்துகள் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. சரிவு மலையில் கால் வைப்பவருக்கும் உருளை இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் இந்த வேறுபாடு சின்னதல்ல.

இனி குளவிக்குத் திரும்பலாம். அதன் நஞ்சிலேயே ஹிஸ்டமின் கலந்திருக்கிறது. போதாததற்கு மாஸ்டோபரன் என்ற சிறு புரதம் மாஸ்ட் அணுக்களை உடைத்து உடலின் சேமிப்பையும் கொட்டவைக்கிறது. முன்பு கொட்டுப்பட்டு உடல் ஒவ்வாமைக்குத் தயாராகியிருந்தால் ஒரே ஒரு கொட்டே மாஸ்ட் அணுக்களை மொத்தமாகத் திறந்துவிடும். நூற்றுக்கணக்கில் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சே தசையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தெனியாயவில் பதிவான 322 தேனீ, குளவிக் கொட்டுகளை ஆய்ந்து 2015 இல் சிலோன் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. தெனியாயவும் தேயிலை நாடுதான். ஒரு வட்டார வைத்தியசாலையிலிருந்து இவ்வளவு எண்ணிக்கை வருகிறது என்றால் ஊவாவின் தோட்டங்களைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை சொல்லாமலே விளங்கும்.

இந்த நிலையில் எது காப்பாற்றும்? ஆகத் தெளிவான விடை பாம்புக்கடி ஆய்விலிருந்து வந்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் நஞ்சுமுறி மருந்து இலங்கையில் பெருமளவு நோயாளிகளுக்குக் கடும் எதிர்வினை உண்டாக்குகிறது. தடிப்பு, மூச்சிறுக்கம், அழுத்தச் சரிவு என்று குளவி அதிர்ச்சியின் அதே முகம். களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசித டி சில்வாவும் சகாக்களும் 1,007 பாம்புக்கடி நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனை 2011 இல் பிளொஸ் மெடிசின் ஏட்டில் வெளியானது. நஞ்சுமுறிக்கு முன்பாக அட்ரினலின், ப்ரோமெதசின், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும், சிலருக்கு வெற்று மருந்தும் கொடுத்து ஒப்பிட்டார்கள். குறைந்த அளவு அட்ரினலின் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்வினையை 43 சதவீதம் குறைத்தது. எச்-1 தடுப்பானான ப்ரோமெதசினால் பயனில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனாலும் இல்லை.

ஏற்பிகளின் வரலாறு தெரிந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது. எச்-1 மருந்து ஹிஸ்டமின் உட்காரும் நாற்காலிகளில் ஒரு வரிசையை மட்டும் மறிக்கிறது. மற்ற வரிசையையும் லூக்கோட்ரையீன் போன்ற துணைவர்களையும் அது தொடுவதே இல்லை. அட்ரினலின் எதையும் மறிப்பதில்லை. தன் சொந்த ஏற்பிகளின் வழியே எதிர்த்திசையில் வேலை செய்கிறது: தளர்ந்த குழாயை இறுக்குகிறது, இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது, மாஸ்ட் அணு மேலும் கொட்டாமல் பிடித்து நிறுத்துகிறது. பிரிட்டோன் அரிப்பைக் குறைக்கும். அதற்காக அது மரியாதைக்குரிய மருந்துதான். அழுத்தம் சரிந்து விழுந்தவருக்கு அதை முதல் மருந்தாகக் கொடுத்துக் காத்திருப்பது, 1948 இலேயே கேள்விக்குள்ளான நம்பிக்கையில் உயிரைப் பணயம் வைப்பது.

பெரகலவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ ஒருவரைக் கொண்டுபோக வளைவுப் பாதையும் வாகனம் தேடும் நேரமும் சேர்ந்து உயிர் தரும் நிமிடங்களைத் தின்றுவிடும். ஆகவே ஊசி தோட்டத்திலேயே இருக்க வேண்டும். வயது வந்தவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று செறிவுள்ள அட்ரினலின் அரை மில்லிலீட்டர், தொடையின் வெளிப்புறத் தசையில், நோயாளியைக் கால் உயர்த்திப் படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைத்து. உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட முறை இதுவே. அம்பியூல் விலை அதிகமல்ல. பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் ஒன்றுசேர்ந்து, ஊவாவின் ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் காலாவதியாகாத அட்ரினலினை வைத்து, வைத்திய உதவியாளருக்கு அதைப் போடும் பயிற்சியையும் எழுத்து மூல அனுமதியையும் கொடுக்க வேண்டும். அடுத்த முறை தோட்டக் கூட்டத்தில் சம்பளம், வேலை பற்றிப் பேசும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இந்த ஊசியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக் கேட்கலாம்.